பெப்பர் என்றால் எந்த மிளகு?

கேரள நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் கொச்சிச் சந்தை நிலவரம் வரும்போது மிளகுக்கு இரண்டு விலை இருக்கும். ஒன்று கார்பிள்ட், மற்றது அன்கார்பிள்ட். பள்ளியில் ஆங்கிலம் படித்தவருக்கு கார்பிள்ட் என்றால் குழம்பியது, சிதைந்தது என்று பொருள். தொலைபேசியில் பாதி கேட்டும் பாதி கேளாமலும் வந்த பேச்சை அப்படிச் சொல்வார்கள். கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியின் மலைச்சரக்கு வியாபாரிக்கோ அது சலித்து, புடைத்து, காம்பும் கல்லும் நீக்கிய சுத்தமான சரக்கு. கூடுதல் விலை அதற்குத்தான். தோட்டத்திலிருந்து வந்தபடியே தூசியோடு இருப்பது அன்கார்பிள்ட்.

அந்த அடைமொழியே இப்படித் தலைகீழாக நிற்கிறது என்றால், அது ஒட்டி நிற்கும் பெப்பர் என்ற சொல் இன்னும் சிக்கலானது. ஆங்கிலச் சமையல் குறிப்பு ஒன்றில் 'கிரீன் பெப்பர்' என்று இருந்தால் அது குடைமிளகாயாக இருக்கலாம், பச்சை மிளகாயாக இருக்கலாம், கொடியிலிருந்து பறித்து உப்புநீரில் ஊறப்போட்ட பச்சை மிளகாகவும் இருக்கலாம். மூன்றும் மூன்று சுவை. முதல் இரண்டும் கத்தரிக்காயின் குடும்பம்; மூன்றாவது வெற்றிலையின் குடும்பம். பிங்க் பெப்பர் முந்திரியின் உறவு, சிச்சுவான் பெப்பர் எலுமிச்சையின் உறவு, கினி பெப்பர் இஞ்சியின் உறவு, ஜமைக்கா பெப்பர் கொய்யாவின் உறவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு தாவரக் குடும்பங்கள் ஒரே ஆங்கிலச் சொல்லின் கீழ் வந்து நிற்கின்றன.

இதை ஐரோப்பியரின் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது பாதி உண்மைதான். பெப்பர் என்ற சொல் விரிந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பின்னால் ஒரு விலை இருந்தது. அருமையான சரக்கின் பெயரை மலிவான சரக்குக்குச் சூட்டுவது வணிகத்தின் பழைய வழக்கம். அப்படி விரித்த சொல்லைத் திரும்ப இறுக்கிக் கட்டவும் வணிகத்துக்குத்தான் தேவை வந்தது. அந்த இறுக்கும் வேலை நெடுங்காலம் நடந்த இடங்களில் ஒன்று மட்டாஞ்சேரி.

திப்பிலி கொடுத்த பெயர்

சொல்லின் தொடக்கத்திலேயே ஒரு பண்டமாற்று இருக்கிறது. சமஸ்கிருதத்தில் பிப்பலி என்பது திப்பிலியைக் குறிக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் கண்டந்திப்பிலியோடு கிடைக்கும் அதே நீண்ட காய். அந்தப் பெயர் மேற்கே போய் கிரேக்கத்தில் பெப்பெரி ஆனது, லத்தீனில் பிப்பெர் ஆனது, பழைய ஆங்கிலத்தில் பிபோர் ஆனது. பெயர் திப்பிலியுடையது, கடைசியில் அதை எடுத்துக்கொண்டது மிளகு.

முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்த விலையைப் பார்த்தால் இது எப்படி நடந்தது என்று ஊகிக்கலாம். ஒரு பவுண்டு திப்பிலி 15 தினாரி, வெள்ளை மிளகு 7, கரு மிளகு 4. திப்பிலி கிட்டத்தட்ட நான்கு மடங்கு விலை. மலிவாகவும் மூட்டை மூட்டையாகவும் வந்தது கருமிளகு. காலப்போக்கில் மேலைநாட்டுச் சமையலறையிலிருந்து திப்பிலி மறைய, வெறும் பெப்பர் என்றாலே மிளகு என்றாயிற்று. திப்பிலியை இன்று ஆங்கிலத்தில் 'நீள மிளகு' என்று அடைமொழி போட்டுத்தான் சொல்ல வேண்டும். பெயருக்குச் சொந்தக்காரர் தன் பெயரையே அடைமொழியோடு சொல்லிக்கொள்ள நேர்வது இந்தக் கதையில் இது முதல் முறை. கடைசி முறை அல்ல.

அந்த மூட்டைகள் புறப்பட்ட கரை மட்டாஞ்சேரிக்கு வடக்கே இருந்த முசிறி. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவுசெய்கிறது. அங்கே மிளகுக்குச் சொல் 'கறி'. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு நிலவழியே வரும் மிளகு மூட்டையும் கறிதான். பெரும்பாணாற்றுப்படையில் கழுதை சுமக்கும் மிளகுக்கு 'மிரியல்' என்று வேறொரு சொல். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், ஒரு கோயில் முற்றத்தில் புதைத்து வைத்திருந்த இந்தியப் பானை ஒன்றில் ஏறக்குறைய 7.5 கிலோ மிளகு அகழ்வாய்வில் கிடைத்தது. சரக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மண்ணுக்குள் கிடைத்த சாட்சி அது.

கறி என்ற சொல்லின் பிற்கால வாழ்க்கையும் பெப்பரின் வாழ்க்கையைப் போலத்தான். மிளகைக் குறித்த சொல், மிளகிட்டுச் சமைத்ததையும் காயையும் இறைச்சியையும் குறிக்கிறது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இந்தப் பொருள்கள் அருகருகே இருக்கின்றன. இன்று மதுரையில் கறி என்றால் ஆட்டிறைச்சி, யாழ்ப்பாணத்தில் குழம்பு வகை. மிளகு என்ற பொருள் அகராதியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு சொல் பல பொருளுக்குப் பரவி, முதல் பொருளைக் கைவிடுவது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

கப்பலில் வந்த முளகு

1492இல் கொலம்பஸ் மேற்கே கப்பல் விட்டது கீழைநாட்டுச் சரக்குக்காக. கையில் மிளகு மாதிரியும் கொண்டுபோனார். கரையில் கண்டவர்களிடம் காட்டி, இது எங்கே விளைகிறது என்று கேட்டார். கரீபியத் தீவுகளில் அது விளையவில்லை. பதிலாக, ஒரு செடியில் சிவப்புக் காய் காய்த்தது. தைனோ மக்கள் அதை அஹி என்றார்கள். 1493 ஜனவரி 15ஆம் தேதிக் குறிப்பில் கொலம்பஸ் அதை அவர்களின் மிளகு என்று எழுதினார். நம் மிளகைவிட மேலானது, அது இல்லாமல் அங்கே யாரும் உண்பதில்லை, ஆண்டுதோறும் 50 கப்பல் ஏற்றலாம் என்றும் சேர்த்தார்.

பயணச் செலவை ஏற்ற ஸ்பெயினின் அரசருக்கும் அரசிக்கும் எழுதும் குறிப்பு அது. மிளகு கிடைக்கவில்லை என்று எழுதுவதைவிட, மிளகுக்கும் மேலான மிளகு கிடைத்தது என்று எழுதுவதில் இருக்கும் இலாபம் விளக்கம் வேண்டாதது. ஸ்பானிய மொழி பின்னர் விகுதியை மாற்றிப் பிரித்துக்கொண்டது: மிளகு பிமியெந்தா, மிளகாய் பிமியெந்தோ. ஆங்கிலத்துக்கு அந்த வசதியும் இல்லை. இரண்டும் பெப்பர்.

குழப்பம் அங்கே நிற்கவில்லை. போர்த்துகீசியர் வழியாக மிளகாய் இந்தியக் கடற்கரைக்கு வந்து வேரூன்றிய வேகத்தில், அது இந்தியச் செடி என்றே ஐரோப்பா நம்பத் தொடங்கியது. 1542இல் ஜெர்மன் மருத்துவர் லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் தன் மூலிகை நூலில் மிளகாய்க்குக் கொடுத்த பெயர் 'காலிகட் மிளகு'. இதே போல இலங்கைத் தமிழிலும் மிளகாய்க்குக் 'கொச்சிக்காய்' என்றொரு பெயர் உண்டு. சிங்களத்தில் காரமான சிறு மிளகாய் ஒன்று 'கொச்சி'. கொச்சியிலிருந்து வந்தது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அமெரிக்கக் காய் ஒன்று, ஜெர்மானியருக்குக் கோழிக்கோட்டுக் காயாகவும் இலங்கையருக்குக் கொச்சிக் காயாகவும் ஆகியிருக்கிறது. ஏற்றிவிட்ட துறைமுகத்தின் பெயரைச் சரக்குக்குக் கொடுப்பது, விளைந்த இடத்தைத் தேடிப்போவதைவிட எளிது.

கொச்சியில் இருந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டச்சுக்காரர் 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஹென்றிக் வான் ரீடு மலையாளக் கரையின் தாவரங்களைத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களில் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உண்டு. அந்த நூலில் மிளகு 'மொளகோ கொடி'. மிளகாய் 'காப்போ மொளகோ'. முதலாவது மிளகுக் கொடி என்பது தெளிவு. இரண்டாவதைக் கப்பல் முளகு என்று படிக்கலாம். நிலக்கடலையைக் கப்பலண்டி என்றும், பப்பாளியைக் கப்பளங்கா என்றும் சொல்லும் மலையாளத்தின் வழக்கத்தோடு அது பொருந்துகிறது. கடல் தாண்டி வந்ததை ஊர்க்காரர் மறக்கவில்லை, பெயரிலேயே குறித்துவைத்தார்கள்.

ஊர் மிளகுக்கு அடைமொழி

இந்த வரலாற்றில் மிகவும் வியப்பானது இனித்தான் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் மட்டாஞ்சேரிக் கடையில் 'முளகுபொடி' கேட்டால் அவர் கைக்கு வருவது மிளகாய்ப் பொடி. மலையாளத்தில் அடைமொழியில்லாத முளகு இன்று மிளகாயைக் குறிக்கிறது. பச்சை மிளகாய் பச்சமுளகு, காய்ந்த மிளகாய் வற்றல்முளகு. மிளகு வேண்டுமானால் குருமுளகு என்று கேட்க வேண்டும்; தென்கேரளத்தில் நல்லமுளகு. கன்னியாகுமரி மாவட்டத் தமிழிலும் அது நல்லமிளகுதான்.

மிளகு உலகிற்குப் போனது இந்த மலைகளிலிருந்து. அந்த மண்ணின் மொழியிலேயே மிளகின் பெயரை வந்தேறிக் காய் எடுத்துக்கொண்டு, மிளகு தன்னை 'நல்ல' என்று சொல்லி நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. ரோமில் திப்பிலிக்கு நேர்ந்தது இங்கே மிளகுக்கு நேர்ந்தது. இந்தியில் மிர்ச் மிளகாய். மிளகு காலி மிர்ச், கறுப்பு மிர்ச். சிங்களத்தில் மிரிஸ் மிளகாய். மிளகு கம்மிரிஸ், ஊர் மிரிஸ்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வேறு வழியில் போயின. பழைய பெயரை மிளகுக்கே விட்டுவிட்டு, புதியதற்குக் 'காய்' சேர்த்தன. தமிழில் மிளகாய், தெலுங்கில் மிரப்பகாய, கன்னடத்தில் மெணசினகாயி. மிளகின் காரம் உள்ள காய் என்பது இவற்றின் கருத்து. புதியதற்கு அடைமொழி, பழையது பழையபடியே.

மிளகின் தாயகத்தில் ஏன் இது மாறி நடந்தது? என் கணிப்பு இது. மலையாளக் கரையில் மிளகு உணவாக இருந்ததைவிடப் பணமாக இருந்ததே அதிகம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் அரசர்களோடு ஒப்பந்தம் போட்டு அதை மொத்தமாக வாங்க முயன்றார்கள். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1743இல் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். கொடியில் விளைந்ததை விற்றுக் காசாக்க வேண்டிய வீட்டில், குழம்புக்குக் காரம் தர மலிவான ஒன்று வேண்டியிருந்தது. கொல்லையில் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் காய்க்கும் மிளகாய் அந்த இடத்தை நிரப்பியது. தினமும் வாயில் புழங்கும் பெயர் தினமும் அடுப்பில் ஏறும் பொருளுக்குப் போய்ச் சேரும். ஏற்றுமதிச் சரக்குக்கு மிஞ்சியது அடைமொழி. கேரளத்தார் மிளகைச் செல்லமாகக் கறுத்த பொன் என்று சொல்வதிலும் அது உண்பொருளாக அல்ல, செல்வமாகவே தெரிகிறது.

தமிழ்நாட்டில் மிளகின் இடம் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் உறுதியாக இருந்தது. இரசம், பொங்கல், கஷாயம், பத்தியச் சாப்பாடு என்று மிளகாயால் நிரப்ப முடியாத இடங்கள் இருந்தன. பெயர் பிழைத்ததற்கு அது காரணமாக இருக்கலாம். தமிழ் மிளகு தன் பெயரோடு ஆங்கிலத்துக்குள்ளும் போனது, ஆனால் மிளகாக அல்ல, சூப்பாக. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளை அதிகாரிகளை மற்ற மாகாணத்தவர் 'மல்' என்று கிண்டல் செய்ததையும், அது மல்லிகடானியின் சுருக்கம் என்பதையும் சொல்கிறது. ஒரு மசாலாப் பொருளின் பெயர் அரசு ஊழியர் வகுப்பு ஒன்றின் பட்டப்பெயராகியிருக்கிறது.

நாக்கு அறிந்த உறவு

1753இல் லின்னேயஸ் மிளகுக்கு பைப்பர் நைக்ரம், மிளகாய்க்கு கேப்சிகம் என்று தனித்தனிப் பெயர் எழுதியதோடு தாவரவியல் இரண்டையும் பிரித்துவிட்டது. வேதியியலும் அப்படியே. மிளகின் காரம் பைப்பரின். மின்னோட்டத்தின் காந்த விளைவைக் கண்ட அதே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1819இல் அதைப் பிரித்தெடுத்தார். மிளகாயின் காரம் கேப்சைசின். 1876இல் அதைப் படிகமாகப் பிரித்துப் பெயரிட்டவர் ஜான் தெரஷ்.

உடலியல் வேறு தீர்ப்பு சொன்னது. 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு, கேப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியை அடையாளம் கண்டது. சுடுநீர் பட்டால் எரிவதை உணர்த்துவதும் அதே ஏற்பி. அதனால்தான் காரமும் சூடும் நமக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பங்கு உண்டு. மிளகின் பைப்பரினும் இதே ஏற்பியைத் தூண்டுகிறது, வலுவில் மட்டும் குறைவு. கொலம்பஸ் இலாபக் கணக்குப் போட்டுச் சொன்னதும், தமிழன் காய் சேர்த்துச் சொன்னதும் செடியை வைத்துப் பார்த்தால் பொருந்தாது. நரம்பை வைத்துப் பார்த்தால் பொருந்தும். பெப்பர் என்ற சொல் தாவர வகையின் பெயராக இருந்ததைவிட ஓர் உணர்ச்சியின் பெயராகவே புழங்கியிருக்கிறது.

அந்த உணர்ச்சியிலிருந்தும், தூவும் செயலிலிருந்தும், நிறத்திலிருந்தும் மற்றப் பொருள்கள் கிளைத்தன. சுறுக்கென்று இருக்கும் புதினா பெப்பர்மின்ட். சுறுசுறுப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தார் சொல்லும் 'பெப்' பெப்பரின் தலைப்பகுதி. கேள்வியாலோ குண்டாலோ ஒருவரைத் துளைத்தால் அதுவும் பெப்பர், வினைச்சொல்லாக. உணவின் மேல் மிளகைத் தூவுவதுபோல் பரவலாகத் தெறிப்பது. கறுப்பும் வெள்ளையும் கலந்த தலைமுடி 'சால்ட் அண்ட் பெப்பர்'. 2011இல் 'மங்காத்தா' படத்தில் அஜித் அப்படித் தோன்றியபோது தமிழ்ப் பத்திரிகைகள் அந்தத் தொடரை அப்படியே எடுத்துக்கொண்டன. அதே ஆண்டு மலையாளத்தில் ஆஷிக் அபு எடுத்த படத்தின் பெயரே 'சால்ட் அன் பெப்பர்'. அதில் சாப்பாடும் உண்டு, இளமை கடந்தவர்களின் காதலும் உண்டு. தலைப்பு இரண்டு பொருளையும் சேர்த்தே சுமந்தது.

ஆனால் இந்தக் கிளைகளில் ஒன்று தமிழுக்கு வரும்போது தவறாக முளைத்தது. 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதாவின்போது மக்களவைக்குள் உறுப்பினர் ஒருவர் பெப்பர் ஸ்பிரே அடித்தார். தமிழ்ச் செய்திகள் பலவற்றில் அது மிளகு ஸ்பிரே, மிளகுப்பொடி என்று வந்தது. அந்தக் குப்பியில் இருப்பது மிளகாய்ச் சாறு. கொலம்பஸ் குழப்பியதை அரை ஆயிரம் ஆண்டுகளாகக் குழப்பாமல் காத்த மொழி, ஆங்கிலத்தை நம்பியதால் அந்த ஒரு சொல்லில் சறுக்கியது.

அருமையும் அற்பமும்

ஒரே சரக்கு இரண்டு மொழியில் எதிரெதிர் பொருள் தந்ததும் உண்டு. டச்சு மொழியில் மிக விலை கூடிய எதையும் 'பேபர்டூர்' என்பார்கள். மிளகு விலை என்று பொருள். ஜெர்மனில் பணக்கார வணிகனுக்கு வசைப்பெயர் மிளகு மூட்டை. ஒருவரைத் தொலைந்துபோ என்று விரட்டவும் அந்த மொழியில் ஒரு தொடர் உண்டு. மிளகு விளையும் இடத்துக்குப் போ என்பார்கள். இடுக்கியிலும் வயநாட்டிலும் இருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சட்டத்தில் 'மிளகுமணி வாடகை' என்றால் பெயருக்கு ஒரு வாடகை, ஒன்றுமில்லாததற்குச் சமம். தொடக்கத்தில் அப்படி இல்லை. 735இல் இறந்த துறவி பீடு, சாகும் தறுவாயில் தன் பெட்டியிலிருந்த சிறிது மிளகையும் சாம்பிராணியையும் உடன் துறவிகளுக்குப் பகிர்ந்தளித்தார் என்று அவர் மாணவர் எழுதியிருக்கிறார். 1180இலேயே இலண்டனில் மிளகு வணிகர் சங்கம் இருந்தது. இடைக்காலத்தில் மிளகாகவே வாடகை வாங்கினார்கள், பவுண்டு கணக்கில். கடல்வழி திறந்து விலை இறங்க இறங்க, ஒரு மணி மிளகு சட்டக் கற்பனையாக மட்டும் நின்றது. பெர்முடாவின் பழைய அரசவைக் கட்டடத்துக்கு 1816 முதல் ஆண்டு வாடகை ஒரு மிளகு; அதை வெள்ளித் தட்டில் வைத்து விழாவாகக் கொடுக்கிறார்கள். 1960இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவையில் சாக்லேட் உறைகளைப் பற்றிய வழக்கு ஒன்றில், பெறுபவருக்கு மிளகு பிடிக்காது, தூக்கி எறிந்துவிடுவார் என்றாலும் அந்த ஒரு மணி ஒப்பந்தத்துக்குப் போதுமான கைம்மாறுதான் என்று நீதிபதி ஒருவர் சொன்னார். இந்திய ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்களும் இந்த மிளகைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

டச்சுக்காரர் மிளகு வாங்கிய காலத்தின் விலையை அவர்கள் மொழி உறையவைத்தது. ஆங்கிலச் சட்டமொழி அந்த விலை சரிந்த காலத்தை உறையவைத்தது. மட்டாஞ்சேரி இருவர் ஆட்சியையும் பார்த்த ஊர். 1795இல் கொச்சி டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயருக்குக் கைமாறியது.

சல்லடையின் அகராதி

பேச்சில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். சரக்கைக் கண்ணால் பார்க்காமலே பணம் கட்டும்போதுதான் சொல்லுக்கு ஒரே பொருள் வேண்டியிருக்கிறது.

மட்டாஞ்சேரி ஜூதத்தெருவில் இயங்கிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம், சுருக்கமாக இப்ஸ்டா, 1957 முதல் மிளகில் முன்பேர வணிகம் நடத்தியது. மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் மிளகுக்கு இன்றே விலை பேசுவது அது. தரகர்கள் ஓர் அறையில் கூடி, கையைக் காட்டிக் கத்தி விலை பேசினார்கள். பேசிய பொருள் அறையில் இல்லை. காலடியில் இருக்கும் பண்டகசாலையிலும் இல்லாமல் இருக்கலாம், இன்னும் கொடியிலேயே இருக்கலாம். அப்படியானால் மிளகு என்றால் எது?

விடையைச் சல்லடை எழுதியது. கார்பிள் என்ற சொல் அரபியின் கர்பலா, அதாவது சலி, என்பதிலிருந்து இத்தாலிய வணிகர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இலண்டனில் நறுமணப் பொருள் கடைகளுக்குள் நுழைந்து சரக்கைச் சோதிக்கும் அதிகாரிக்குப் பதவிப் பெயரே கார்ப்ளர். நல்லதைப் பொறுக்கி எடுப்பது, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதாகி, பிறர் பேச்சைப் பொறுக்கித் திரிப்பதாகி, கடைசியில் வெறும் குழப்பமாகிப் போனது பொது ஆங்கிலத்தில். கொச்சிச் சந்தையில் மட்டும் அது தன் முதல் பொருளோடு இருக்கிறது. இந்த ஒரு சொல்லில், இங்கிலாந்தைவிடப் பழைய ஆங்கிலம் பேசுவது மட்டாஞ்சேரிதான்.

தர வரிசையில் எம்.ஜி. 1 என்றால் மலபார் கார்பிள்ட் முதல் தரம். டி.ஜி.எஸ்.இ.பி. என்றால் தலச்சேரி வகையின் மிகப் பருத்த மணி, 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்க வேண்டும். அடுத்த தரத்துக்கு 4.25 மில்லிமீட்டர். கவனிக்க வேண்டியது, இங்கே தலச்சேரி என்பது ஊர் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1708இல் கோட்டை கட்டி மிளகு வாங்கிய ஊரின் பெயர் சரக்கின் பெயராகி, பிறகு மணியின் பருமனைக் குறிக்கும் அளவாகி விட்டது. இடுக்கியில் விளைந்த மிளகும் பருத்திருந்தால் தலச்சேரிதான்.

பருமனோடு முடிவதில்லை. ஒரு லிட்டர் படியில் மிளகைக் கொட்டி எடை போடுவார்கள். 550 கிராம் இருந்தால் கெட்டி மணி. குறையக் குறையப் பொக்கு. ஈரப்பதமும் அளக்கப்படும், ஏனெனில் கிலோ கணக்கில் விற்கும்போது தண்ணீரும் மிளகு விலைக்குப் போகும். உள்ளீடில்லாத இலேசான மணிகூடக் கழிவல்ல; எண்ணெயும் சத்துச்சாறும் எடுக்கும் ஆலைகள் அதைத் தேடி வாங்குகின்றன. சமையலுக்குத் தாழ்ந்தது ஆலைக்கு உகந்தது. சலித்தும் புடைத்தும் இந்தத் தரங்களைப் பிரித்தெடுக்கும் வேலையை மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் பெரும்பாலும் பெண்களே செய்துவந்திருக்கிறார்கள். தர நிர்ணயம் என்று கோப்பில் எழுதியது அவர்கள் முறத்தில் நடந்தது.

இறுக்கிக் கட்டிய சொல்லும் அவிழ்வதுண்டு. முன்பேர வணிகம் கணினித் திரைக்கு மாறிய பின், 2012 டிசம்பரில், மின்னணுச் சந்தை ஒன்றின் கணக்கில் கொச்சிப் பகுதிக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகைக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரையிட்டு நிறுத்தியது. மணிகளில் கனிம எண்ணெய் கலந்திருந்தது. பளபளப்புக்கும் பூஞ்சை வராமல் இருக்கவும் பூசுவது அது. ஒப்பந்தம் கேட்ட பருமனும் எடையும் இருக்கலாம். உண்ணத் தகுந்தது என்ற பொருள் போய்விட்டது. மிளகு என்ற சொல்லில் அது சொல்லாமலே அடங்கியது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

அடுத்த வழக்கு

இன்று உலகில் அதிகம் மிளகு விளைவிப்பது வியட்நாம். மலிவான மிளகு வேறு நாடுகளைச் சுற்றி இந்தியாவுக்குள் வருவதைத் தடுக்க, 2017 டிசம்பரில் மைய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. தாவர வகையில் அதுவும் பைப்பர் நைக்ரம். பெப்பர் என்ற சொல்லாலோ, லின்னேயஸின் பெயராலோ அதை வேறுபடுத்த முடியாது. எனவே சண்டை அடைமொழிக்கு நகர்ந்திருக்கிறது. மலபார் மிளகு பெற்றிருக்கும் புவிசார் குறியீட்டின் பயன் அங்கேதான். தலச்சேரி ஊரிலிருந்து அளவாக மாறியதைப் போல, மலபாரும் வெறும் தரப்பெயராக மாறிவிட்டால் இந்த மலைகளின் விவசாயிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

சொல்லுக்குப் பல பொருள் இருப்பதை மொழியின் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. பெப்பரின் வரலாறு அதைக் காட்டவில்லை. திப்பிலியிலிருந்து மிளகுக்கும், மிளகிலிருந்து மிளகாய்க்கும், காய்களிலிருந்து உணர்ச்சிக்கும் அது பரவியபோது பேசுபவர்கள் தடுமாறவில்லை; அடைமொழி போட்டும் விகுதி மாற்றியும் காய் சேர்த்தும் சமாளித்தார்கள். தடுமாற்றம் வந்தது ஓரிடத்துப் பொருளோடு சொல் வேறிடத்துக்குள் நுழைந்தபோது: ஆங்கிலச் செய்தியிலிருந்து தமிழுக்கு, சமையலறையிலிருந்து ஒப்பந்தத்துக்கு, சந்தைத் திரையிலிருந்து கிடங்குக்கு. அந்த வாசல்களில் நின்று எந்த மிளகு என்று கேட்கும் வேலையை ஒருகாலத்தில் சல்லடை செய்தது. இப்போது அதை ஆய்வகமும் சட்டமும் பங்கிட்டுக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பவரும் பொட்டலத்தில் பெயர் அச்சிடுபவரும் அதே கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.